நான் பானெட்டைத் திறக்காத நாள்

போன மாதம் ஒரு நாள் காலை, திருச்சி கே.கே. நகரில் என் வீட்டு வாசலில் நின்று கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் வரிசையாக ஆறு படங்கள் வந்து விழுந்தன. அனுப்பியது கீர்த்தனா. என்னோடு கடைசி மூன்று வருடம் வேலை பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர். படங்கள் எல்லாம் ஒரு பழைய பிக்கப் வண்டியின் இன்ஜின். கூடவே ஒரு குரல் செய்தி.

"மேடம், ஆர்.சி. புக்ல ஒரு இன்ஜின் போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல வேற ஒண்ணு காட்டுது. உள்ள என்ன இருக்குன்னே புரியல. நம்பர் அடிச்ச இடம் பூரா துரு. உங்ககிட்ட கேட்டா சொல்லிடுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கொஞ்சம் பாருங்களேன்."

கீரையைத் திண்டில் வைத்துவிட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு கீர்த்தனாவைப் போனில் கூப்பிட்டேன். ஆயில் ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது, டீசல் பம்ப் நீளமானதா உருண்டையானதா, மேல் மூடியில் எத்தனை போல்ட் என்று மூன்று கேள்வி கேட்டேன். நாலாவது கேள்விக்குத் தேவை இருக்கவில்லை. இன்ன கம்பெனி, இன்ன மாடல் என்று சொல்லிவிட்டு, "ஆனா நான் சொன்னதை வெச்சு எழுதாதீங்க. கெரசின் ஊத்தித் துடைச்சு நம்பரை நீங்களே பாருங்க" என்றேன்.

"அதான் மேடம், உங்களைப் பத்தி ஆபீஸ்ல இன்னும் சொல்லிச் சிரிப்பாங்க. கல்யாண வண்டியா இருந்தாலும் ஜெசிந்தா மேடம் பானெட்டைத் திறந்து பாத்துட்டுதான் ஆசீர்வாதம் பண்ணுவாங்கன்னு. எப்படி மேடம் அப்படி ஒரு பழக்கம் வந்துச்சு?"

அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வண்டிகளுக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கொடுக்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இனி எத்தனை பேர் பானெட்டைத் திறப்பார்கள் என்று தெரியவில்லை. கீர்த்தனா கேட்டதற்குப் பதில் இதுதான். பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பதில் அல்ல.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படிப்பு, ஒரு பட்டறையில் ஒரு வருட வேலை, தேர்வு, பயிற்சி எல்லாம் முடிந்து, திருச்சியிலிருந்து நாலு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு சின்ன ஊரில் முதல் வேலை கிடைத்தது. அங்கே ஆறு வருடம் இருந்தேன். பிறகு சொந்த ஊரான திருச்சிக்கே மாற்றலாகி வந்தேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எண்கள் உண்டு. அடிச்சட்டத்தில் அடித்திருப்பது சேஸ் எண். இன்ஜினில் அடித்திருப்பது இன்ஜின் எண். புது வண்டியைப் பதிவுக்குக் கொண்டுவரும்போது, அந்த எண்களின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, படிவத்தில் ஒட்டியிருப்பார்கள். ஆய்வாளர் வண்டியில் இருக்கும் எண்ணைத் தன் கண்ணால் பார்த்து, அச்சோடும் காகிதங்களோடும் ஒப்பிட்டு, கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் ஆகும்.

திருச்சிக்கு வந்த முதல் மாதத்திலேயே காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் ஏற்றுகிற ஒரு பழைய பிக்கப் தகுதிச் சான்றுக்கு வந்தது. ஆர்.சி.யில் பெட்ரோல் இன்ஜின். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே டீசல் சத்தம். திறந்து பார்த்தால், வேறொரு கம்பெனி காரின் டீசல் இன்ஜின், இரும்புக் கட்டில் காலை வெட்டி வெல்டிங் அடித்த தாங்கியின் மேல் உட்கார்ந்திருந்தது. கட்டிலின் பச்சைப் பெயின்ட் கூடப் போகவில்லை. நான் அதிர்ந்துபோய் நிற்க, உரிமையாளர் சாவகாசமாகச் சொன்னார்: "பயப்படாதீங்கம்மா, எங்க அப்பா படுத்த கட்டிலு. நல்ல இரும்பு."

அன்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர் தணிகாசலம் சார் ஒருவர்தான். அவர்தான் எங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஒரு கோப்பைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை ஓரத்தில் வைப்பார். இரும்பு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்திப் படிப்பார். எங்கள் அறிக்கையில் ஏதாவது எண் இருந்தால், தலையைத் தூக்காமல் ஒரே கேள்வி கேட்பார்.

"இது நீங்க பாத்ததா, படிச்சதா?"

வண்டியில் பார்த்ததை ஒரு பத்தியாகவும், காகிதத்தில் படித்ததை இன்னொரு பத்தியாகவும் தனித்தனியே எழுத வேண்டும் என்பது அவர் வைத்த முறை. இரண்டையும் கலந்து எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். நன்றாக இருக்கிறது என்று யாரையும் பாராட்டியதில்லை. யாரையும் திட்டியதுமில்லை. அவர் அறையிலிருந்து வெளியே வரும்போது ஒவ்வொருவருக்கும் தான் ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்ற கவலை இருக்கும். அவருக்குக் கீழே வேலை செய்த வருடங்களில் நான் நல்ல ஆய்வாளர் என்று பெயர் வாங்கினேன். அதை நானும் நம்பினேன்.

ஒரு நாள் அவர் கூப்பிட்டு, காவல்துறையிலிருந்து வந்த கடிதம் ஒன்றைக் கொடுத்தார். ஸ்ரீரங்கத்தில் பிச்சைமுத்து என்பவரைக் கைது செய்திருக்கிறார்கள். காந்தி மார்க்கெட்டிலிருந்து தினமும் காய்கறி ஏற்றிக்கொண்டுபோய் உத்தர வீதிகளைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் மெஸ்களுக்கும் இறக்குகிறவர். பத்து வருடப் பழைய பிக்கப். அவர் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கொள்ளிடம் பாலத்தில் ஒரு லாரி பின்னால் இடித்துவிட, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்திருக்கிறார். அவர் ஒழுங்கானவர். இன்ஜின் எண்ணை வண்டியிலிருந்தே குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அது ஆர்.சி.யில் இருந்த எண் இல்லை. கம்ப்யூட்டரில் தேடினால், அது எட்டு வருடத்துக்கு முன் காணாமல் போன இன்னொரு பிக்கப்பின் இன்ஜின் எண். அந்த வண்டியோடு அதைச் சொந்தமாக வைத்து ஓட்டிய அருள்தாஸ் என்பவரும் காணாமல் போயிருந்தார்.

பிச்சைமுத்துவின் ஆர்.சி.யில் இருந்த இன்ஜின் எண் அறுபத்து நாலில் முடிந்தது. அவர் வண்டிக்குள் இருந்த இன்ஜினின் எண் இருபத்தேழில் முடிந்தது. அந்த இருபத்தேழுதான் பதிவேட்டின்படி காணாமல் போன அருள்தாஸின் இன்ஜின். வண்டிக்குள் இருப்பது உண்மையில் எந்த இன்ஜின், எண் திருத்தப்பட்டதா என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். அது என் வேலை.

வண்டி நின்ற காவல் நிலையத்துக்குப் போனேன். வளாகத்தில் வேப்ப மரத்தடியில் பின்பக்கம் நசுங்கி நின்றது. அதன் இரண்டு பக்கத்திலும் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் பிச்சைமுத்துவின் மனைவி செல்லம். கணவர் ஒன்பது நாளாக ஜெயிலில். இன்னொருவர் அருள்தாஸின் மனைவி லூர்து மேரி. பாலக்கரையில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறவர். உங்கள் வண்டியின் இன்ஜின் கிடைத்துவிட்டது என்று போலீஸ் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் செல்லம் ஓடி வந்தார். "அம்மா, ஆறு வருசமா எங்க வீட்டு வாசல்ல நிக்கிற வண்டிம்மா. மேல ஹெட்டை மட்டும் கழட்டி ரெண்டு தடவ வேலை பாத்துருக்கு. இன்ஜினை எறக்குனதே இல்ல. மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கம்மா."

லூர்து மேரி வண்டியின் மறுபக்கத்திலேயே நின்றார். நான் பானெட்டைத் தூக்கிக் கம்பியை மாட்டியதும், பக்கத்தில் வந்து நின்று உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுல எதுங்க எங்களோடது?"

சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். அவசரத்தில் இருந்தார். "கேஸ் க்ளியர்தான் மேடம். ஆளைக் கொன்னுட்டு வண்டியைப் பிரிச்சிருக்கானுங்க. இன்ஜினை இவன் வெச்சுக்கிட்டான். நீங்க நம்பர் ஒரிஜினல்னு மட்டும் எழுதிக் கொடுத்தீங்கன்னா மத்ததை நாங்க பாத்துக்குறோம்."

நான் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். எண் அடித்த இடம் டீசல் பம்ப்புக்குக் கீழே. எண்ணெயும் மண்ணும் அடை அடையாக இருந்தது. கம்பி பிரஷ் போடக் கூடாது. எழுத்தின் ஓரம் போய்விடும். துணியைக் கெரசினில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊறவைத்துத் துடைத்தேன். பிறகு சாக்பீஸைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். எண் தெளிவாகத் தெரிந்தது. இருபத்தேழுதான். அடியில் தொழிற்சாலையில் இரும்பை இழைத்த கோடுகள் அறுபடாமல் ஓடின. எண்ணைத் தேய்த்து மாற்றி அடித்திருந்தால் அந்தக் கோடுகள் அறுந்திருக்கும். யாரும் கை வைக்கவில்லை.

"ஒரிஜினல்தான்" என்றேன்.

"பாத்தீங்களா!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். செல்லம் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் தணிகாசலம் சார் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். இந்த இன்ஜின் வேறு வண்டியிலிருந்து இங்கே வந்தது என்பது நான் பார்த்ததா, படித்ததா? படித்ததுதான். எனவே ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

இன்ஜின் சட்டத்தோடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் வைத்த தாங்கிகள் இருக்கும். அந்த போல்ட்டுகளைத் தொழிற்சாலையில் முறுக்கி முடித்ததும், சரி பார்த்த அடையாளமாக நட்டின் மேலிருந்து சட்டம் வரை மஞ்சள் பெயின்ட்டில் ஒரே இழுப்பாக ஒரு கோடு போடுவார்கள். நட்டை ஒரு முறை திருப்பினால் போதும், கோடு உடைந்துவிடும். மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். இடது பக்கம் கோடு நேராக இருந்தது. வலது பக்கமும் அப்படியே. பின்னால் கியர் பாக்ஸ் தாங்கியைக் கழற்றியிருந்தார்கள். கிளட்ச் வேலைக்கு அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்ஜின் தாங்கிகளை யாரும் தொட்டதே இல்லை.

நான் அடியிலேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். இந்த இன்ஜின் தொழிற்சாலையில் இந்தச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தது. அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. அப்படியானால் இது அருள்தாஸின் வண்டியில் எப்படி இருந்திருக்க முடியும்?

வெளியே வந்து இதைச் சொன்னதும் சப்-இன்ஸ்பெக்டர் முகம் மாறியது. "என்ன மேடம், ரெக்கார்டு பொய் சொல்லுமா?"

"இரும்பு பொய் சொல்லலைங்க. ரெக்கார்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டு வண்டிகளும் முதலில் பதிவான இடத்தின் பெயரைப் பார்த்தேன். நான் முதலில் வேலை பார்த்த அந்தச் சின்ன ஊர். ஆனால் அங்கே என்னோடு இன்னும் இரண்டு ஆய்வாளர்கள் இருந்தார்கள். ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? மறுநாள் பஸ்ஸில் போகும்போது நாலு மணி நேரமும் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

பதிவறையில் எழுத்தர் ஒருவர் இரண்டு கோப்புகளையும் தூசி தட்டி எடுத்து வந்தார். இரண்டும் அடுத்தடுத்த பதிவு எண்கள். ஒரே நாள், ஒரே விற்பனையாளர், ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறம். முதல் கோப்பைத் திறந்தேன். விற்பனைச் சான்றில் அறுபத்து நாலு. ஒட்டியிருந்த பென்சில் அச்சிலும் அறுபத்து நாலு. இரண்டும் பொருந்தின. அடுத்ததாக மூன்றாவது தாளைத் திருப்பினேன். அது தொழிற்சாலையிலிருந்து நேராக வண்டியோடு வருகிற சான்று. அதில் இருபத்தேழு.

இரண்டாவது கோப்பில் நேர் எதிர். விற்பனைச் சான்றிலும் அச்சிலும் இருபத்தேழு. தொழிற்சாலைத் தாளில் அறுபத்து நாலு.

விற்பனையாளரின் ஆள் இரண்டு வண்டிகளின் இன்ஜின் அச்சையும் மாற்றி ஒட்டிவிட்டு, அதைப் பார்த்தே சான்றையும் தட்டச்சு செய்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மூன்றாவது தாளைத் திருப்பியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

கீழே, 'வாகனத்தை நேரில் ஆய்வு செய்தேன், எண்கள் சரியாக உள்ளன' என்ற வரிக்கு அடியில் பச்சை மையில் கையெழுத்து. ஜெ-வின் கொம்பை நீட்டிப் போடும் பழக்கம் எனக்கு அப்போது உண்டு. இரண்டு கோப்பிலும் அந்தக் கொம்பு நீண்டிருந்தது.

மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. மழையா, வெயிலா, வரிசையில் எத்தனை வண்டி, எனக்கு உடம்பு சரியில்லையா, ஒன்றுமே இல்லை. இரண்டு குடும்பத்தைப் புரட்டிப்போட்ட ஒரு நாள் என் மனதில் ஒரு கீறல்கூட இல்லாமல் போயிருந்தது. அதுதான் எனக்கு அதிர்ச்சியிலும் அதிர்ச்சி.

அதற்குப் பிறகு இந்தப் பத்து வருடத்தில் எத்தனை பேர் அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுத்திருப்பார்கள்! ஒவ்வொருவரும் ஆர்.சி.யில் இருந்த அறுபத்து நாலைப் பார்த்து அறுபத்து நாலு என்று எழுதியிருக்கிறார்கள். என் கையெழுத்தை நம்பியிருக்கிறார்கள்.

எழுத்தர் என் முகத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், பழைய ஃபைலுங்க. எலி கடிச்சிடுச்சு, கிடைக்கலைன்னு எழுதிக் கொடுத்துடட்டுமா? யாரும் கேக்கப்போறதில்ல" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் சும்மா இருந்தேன். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். செல்லம் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது நினைவுக்கு வந்த பிறகுதான், "நகல் எடுத்துக் கொடுங்க. எல்லாப் பக்கமும்" என்றேன்.

மறுநாள் தணிகாசலம் சார் அறைக்குள் போய் நகல்களை மேசையில் வைத்தேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். ஸ்கேலை எடுத்தார். வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தார். கையெழுத்துக்கு வந்ததும் ஸ்கேல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் அதிர்ந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அன்னைக்கு பானெட்டைத் திறந்தீங்களா?"

"ஞாபகம் இல்ல சார்."

"ஞாபகம் இல்லையா, திறக்கலையா?"

"திறக்கல சார்."

அவர் ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு காகிதங்களை என் பக்கம் தள்ளினார். "அதை எழுதுங்க. அப்படியே எழுதுங்க. இன்னைக்கே கோர்ட்டுக்குப் போகணும். அந்த ஆள் இன்னும் உள்ள இருக்கார்."

எழுதினேன். 'பார்த்தது' என்ற பத்தியில் இழைத்த கோடுகளையும் மஞ்சள் கோடுகளையும். 'படித்தது' என்ற பத்தியில் மூன்று தாள்களையும். கடைசியில், பதிவின்போது ஆய்வு செய்த அலுவலர் நானே, வாகனத்தைத் திறந்து பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று. சார் ஒரு எழுத்துகூட மாற்றாமல் மேலொப்பம் போட்டார். அடுத்த வாரம் எனக்கு வந்த குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் அவர் கையெழுத்தில்தான் வந்தது. பியூனிடம் கொடுத்து அனுப்பாமல் என் மேசைக்குத் தானே வந்து கொடுத்தார். என் பதவி உயர்வு சில வருடம் தள்ளிப்போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட வேறு விஷயங்கள் இருந்தன.

பிச்சைமுத்து வெளியே வந்து வண்டியை எடுக்க வந்தபோது நான் அங்கே போயிருந்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். நாற்பது வயது மனிதர். ஒன்பது நாளோடு இன்னும் மூன்று நாள் சேர்ந்து பன்னிரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்திருந்தார். என்னை நேராகப் பார்த்து, "கொலைகாரன்னு சொன்னாங்கம்மா. எங்க தெருவுல வெச்சு, எம்பொண்ணு முன்னாடி சொன்னாங்க" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டார்.

அன்றே பாலக்கரைக்குப் போய் லூர்து மேரியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. வண்டிக்குள் இருந்தது உங்கள் இன்ஜின் இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மற்றதைச் சொல்ல அன்று எனக்குத் தைரியம் இல்லை. "அப்ப அவரு இன்னும் கிடைக்கலையா?" என்றார். எட்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே தடயத்தையும் நான் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் இப்போது போலீஸின் கையில் சரியான எண் இருந்தது. அறுபத்து நாலில் முடியும் எண். எட்டு வருடமாக அவர்கள் தேடியது பிச்சைமுத்துவின் இன்ஜினை. அது ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் தினமும் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு எல்லார் கண் முன்னாலும் போய்வந்துகொண்டிருந்தது. இப்போது அறுபத்து நாலைத் தேடினார்கள்.

மூன்று வாரத்தில் கிடைத்தது. இரண்டு மாவட்டம் தள்ளி, தேங்காய் ஏற்றுகிற ஒரு பிக்கப்பில். சேஸ் எண்ணைத் தேய்த்து வேறு எண் அடித்திருந்தார்கள். இன்ஜின் எண்ணைத் தொடவே இல்லை. காரணத்தை அந்த சப்-இன்ஸ்பெக்டரே வந்து சொன்னார். வண்டி திருடு போன மறு வருடமே ஒரு சோதனைச் சாவடியில் ஒரு ஏட்டு சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கிறார். பானெட்டைத் திறந்து, இன்ஜின் எண்ணைப் பார்த்து, திருட்டு வண்டிப் பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறார். பட்டியலில் அருள்தாஸின் வண்டிக்கு நேராக இருபத்தேழு இருந்தது. பொருந்தவில்லை. அனுப்பிவிட்டார். அதன்பின் அந்த எண்ணை மாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

அதைக் கேட்டபோது என் கையில் டீ டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். யாரோ ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். நான் திறக்காத பானெட்டை அவர் திறந்திருக்கிறார். பட்டியலில் சரியான எண் இருந்திருந்தால் அருள்தாஸ் அன்றைக்கே கிடைத்திருப்பார்.

விசாரணை தேங்காய் வண்டிக்காரரிடமிருந்து அவருக்கு விற்றவனுக்கும், அவனிடமிருந்து இன்னொருவனுக்கும் போய், கடைசியில் ஒருவன் சொல்லிவிட்டான். அருள்தாஸை வாடகைக்கு என்று கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வண்டிக்காகத்தான் கொன்றிருக்கிறார்கள். பாழடைந்த ஒரு கிணற்றைக் காட்டினான்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து நான் மறுபடியும் பாலக்கரைக்குப் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன். லூர்து மேரி கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். சுவரில் புதிதாக மாட்டிய படத்தில் அருள்தாஸ் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கோப்பு, அச்சு, கையெழுத்து, சோதனைச் சாவடி எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்த பிறகு, "அப்ப அந்த ஏட்டு நிறுத்தின அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்?" என்றார்.

"ஆமாங்க."

"மறு வருசமே?"

"ஆமாங்க."

அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டியை வித்துட்டு எவளையோ கூட்டிக்கிட்டுப் போயிட்டாருன்னு ஊரே சொல்லுச்சுங்க. திருட்டு வண்டின்னா எங்கயாச்சும் மாட்டியிருக்குமே, இவரேதான் பேரை மாத்திக்கிட்டு ஓட்டிக்கிட்டு இருப்பாருன்னாங்க. முதல் வருசம் நான் நம்பல. அப்புறம் நம்பிட்டேன். ராத்திரி ஜெபத்துல பிள்ளைங்க அப்பாவுக்காகன்னு ஆரம்பிக்கும்ங்க. வேணாம், அந்த ஆளுக்கு வேணாம்னு வாயைப் பொத்திருவேன். ஏழு வருசம். அந்தப் பிள்ளைங்க ஒரு நாள்கூட அவருக்காக வேண்டிக்கலைங்க."

"அதுக்கும் நான்தாங்க காரணம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லூர்து மேரி அழவில்லை. என்னை ஆறுதல் படுத்தவும் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்துபோய்ப் படத்தின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். தூசி எதுவும் இல்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கையெழுத்துதாங்க போட்டீங்க" என்றார், என் பக்கம் திரும்பாமல். "நம்பினது நானு."